சிலிண்டர் மேல் ஒரு கோடு

1. முதல் நாள்: ஸ்க்ரூ

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை ஸ்க்ரூ பார்ப்பது.

ஈப்போ பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இருக்கும் கடை, ஒயிட் காப்பியை முதன்முதலில் கலக்கிய ஒரிஜினல் கடை என்று போர்டு போட்டிருக்கும். எதிர் வரிசையில் இருப்பதும் ஒரிஜினல் கடைதான். மூலையில் இருப்பது ஒரிஜினலுக்கும் ஒரிஜினல். இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பழைய பொருள்களைப் பார்த்து எது ஒரிஜினல், எது இல்லை என்று ரிப்போர்ட் எழுதுவது எங்கள் தொழில். கடிகாரம், ஈயச் சுரங்கத் தராசு, பழைய டிபன் கேரியர், அபூர்வமாக ராணுவத் துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். எங்களிடம் வருவதெல்லாம் செத்த துப்பாக்கிகள். குழலுக்குள் கம்பி செருகி, வெல்டு வைத்து, ஹேமரை அறுத்து, போலீஸ் கடிதத்தோடு கண்ணாடிப் பெட்டிக்குள் சீல் வைத்துத்தான் இருக்கும். அதனால் சுட முடியாது. அதைப் பற்றி நாங்கள் எழுதும் ரிப்போர்ட்டால்தான் ஆபத்து.

எங்கள் பாஸ் ஸ்டீபன் சார். ஐம்பத்தைந்து வயது, நெற்றியில் எப்போதும் ஏற்றி வைத்த மூக்குக் கண்ணாடி. நான் பாலிடெக்னிக்கில் உலோகம் படித்துவிட்டு, தெலுக் இந்தானிலிருந்து ஒரு சூட்கேஸோடு வந்து நின்ற அன்று, மேசையில் ஒரு லென்ஸையும் இருபது ஸ்க்ரூவையும் வைத்தார்.

"எந்த ஸ்க்ரூவ மத்தவன் கழட்டியிருக்கான்னு சொல்லு ஷாமினி. அரை மணி நேரம்."

பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். ஸ்க்ரூ தலையின் பள்ளம் கூர்மையாக இருந்தால் யாரும் தொடவில்லை. ஓரம் நசுங்கியிருந்தால் அளவு பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர். பள்ளம் படகு மாதிரி வளைந்திருந்தால் யாரோ இருபது காசை வைத்துத் திருகியிருக்கிறார்கள். ஸ்டீபன் சார் லென்ஸை வாங்கிப் பார்த்தார்.

"கெட்டிக்காரிதான். ஆனா கஸ்டமர் முன்னால இவ்வளவு வேகமா சொல்லாதம்மா. யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பாரு. இல்லன்னா நம்ம ரிப்போர்ட்டுக்கு மரியாதை இருக்காது."

அன்றே எங்கள் நான்கு தரங்களையும் மனப்பாடம் செய்தேன். முதல் தரம், ஒரிஜினல். இரண்டாவது, ஒரிஜினலுக்கு நெருக்கம். மூன்றாவது, காலத்துக்குப் பொருத்தம். நான்காவது, அலங்காரத்துக்கு உகந்தது. நான்காவதன் பொருள் 'போலி' என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கஸ்டமர்களுக்கும் சொல்வதில்லை. அவர்கள் அந்தச் சான்றிதழையும் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டிவைத்திருப்பதை நானே இரண்டு வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

"கஸ்டமர் மனசும் ஒரு பார்ட்டுதான்மா," என்பார் ஸ்டீபன் சார். "அத உடைச்சா ஸ்பேர் கிடைக்காது."

2. டத்தோவின் ஓரி

ஒரு டத்தோ, அதாவது சுல்தானிடம் பட்டம் வாங்கியவர். நம் ஆள்தான். சுங்கை சிப்புட் பக்கத்தில் இருந்த ஒரு ரப்பர் எஸ்டேட்டின் துரை பங்களாவை வாங்கி ஹோட்டல் ஆக்கினார். எஸ்டேட் போய் வீடமைப்புத் திட்டம் வந்து பல காலம் ஆகிவிட்டது. மிச்சமிருந்தது பங்களா மட்டும்தான். துரை குளித்த தொட்டியில் இப்போது விருந்தாளிகள் குளிக்கலாம். துரை நடந்த தோட்டத்தில் யோகா. பெரட்டுக் களத்தில், அதாவது விடியற்காலையில் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடத்தில், நீச்சல் குளம்.

லாபியில் வைக்கத் துரையின் ரிவால்வரும் கிடைத்தது. பிரிட்டிஷ் ராணுவத்துடையது, நடுவில் மடக்கித் திறக்கிற மாடல். 1948இல் கம்யூனிஸ்டுகளோடு சண்டை தொடங்கிய எமர்ஜென்சி காலத்தில் எஸ்டேட்டுக்கு வந்தது. போலீஸ் அனுமதி, சீல், கண்ணாடிப் பெட்டி எல்லாம் முறையாக இருந்தன. எங்கள் சான்றிதழ்தான் பாக்கி.

டத்தோ போனில் ஸ்டீபன் சாரிடம் பேசினார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"ஸ்டீபன், எனக்கு ஒரே வார்த்தைதான் வேணும். ஓரி. நம்பர் எல்லாம் மேட்சிங்னு போடு. சிப்லாக் சாமான் என் லாபியில இருக்கக் கூடாது லா."

நம் ஊரில் 'ஓரி' என்றால் ஒரிஜினல், 'சிப்லாக்' என்றால் போலி. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், செருப்பு வாங்கினாலும் இதைத்தான் கேட்போம். நான்கு வருஷமாக நான் செய்யும் வேலையை இந்த இரண்டு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அதற்கு யாரும் ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள்.

ராணுவத் துப்பாக்கியில் நம்பர்தான் ஜாதகம். தயாரிக்கும்போது உடம்பு, குழல், குண்டு நிரப்பும் சிலிண்டர் மூன்றிலும் ஒரே நம்பரை அடிப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால் பிறந்தபோது இருந்த பாகங்களே இன்னும் இருக்கின்றன என்று அர்த்தம். ஒத்துப்போகாவிட்டால் எங்கேயோ ஒரு பாகம் மாறியிருக்கிறது.

பெட்டியின் சீலைத் திறக்க ஒரு போலீஸ்காரர் உடன் இருக்க வேண்டும். அதற்கு எழுதிக் கேட்க வேண்டும். ஸ்டீபன் சார் யோசித்தார். யோசிக்கிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தார் என்பது இன்னும் சரி.

"படம் அனுப்பச் சொல்லலாம். படத்தப் பாத்தே எழுதிரு. உனக்குத்தான் வேகம் இருக்கே."

பெட்டியில் வைப்பதற்கு முன் எடுத்த படங்கள் வந்தன. உடம்பில் 6318. குழலில் 6318. சிலிண்டரில் 2290 என்று ஒரு நம்பர், அதன் குறுக்கே நேராக ஒரு கோடு, பக்கத்தில் 6318. அதற்குக் கீழே பொடியாக 47.

எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் இரவல் வாங்கிப் படித்த புத்தகங்களில் இது இருக்கிறது. ராணுவ டிப்போவில் துப்பாக்கியைப் பிரித்துச் சரிசெய்யும்போது சிலிண்டரை மாற்றினால், பழைய நம்பரைக் கோடு போட்டு நீக்கிவிட்டுப் புது நம்பரைப் போடுவார்கள். எந்த வருஷம் சரிசெய்தார்கள் என்று இரண்டு இலக்கத்தில் அடிப்பதும் உண்டு. அப்படியானால் 47 என்றால் 1947! வழக்கமாக வருஷத்துக்கு முன்னால் டிப்போவின் எழுத்துகள் இருக்கும். இதில் இல்லை. 'எழுத்துகள் தேய்ந்திருக்கலாம்' என்று எழுதினேன். பொடி எண்கள் தேயாமல் பளிச்சென்று நிற்கும்போது பக்கத்து எழுத்துகள் மட்டும் எப்படித் தேயும் என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அழகான விளக்கம் கையில் கிடைத்துவிட்டால் கேள்வி வராது.

'1947இல் ராணுவ டிப்போவில் முறைப்படி மாற்றப்பட்ட சிலிண்டர். ராணுவத்தின் கையாலேயே நம்பர் பொருத்தப்பட்டது. தரம்: ஒரிஜினல்.' இரண்டு பக்கம். அடிக்குறிப்பு வேறு. டத்தோவுக்கு அடிக்குறிப்பு மிகவும் பிடித்ததாம்.

3. கோவிந்தன் அங்கிள்

ஹோட்டல் திறப்பதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒருவர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். பெயர் கோவிந்தன், அறுபத்தெட்டு வயது இருக்கும். கையில் ஹெல்மெட். மூச்சு வாங்கியது. கோபத்திலா படியிலா என்று தெரியவில்லை.

"எங்கப்பாவத் திருடன்னு எழுதினது யாரு? நீயா, இவரா?"

ஸ்டீபன் சார் உடனே என்னைப் பார்த்தார்.

"உக்காருங்க அங்கிள். யார் உங்கப்பா?" என்றேன்.

போனை நீட்டினார். ஹோட்டல்காரர்கள் லாபிப் பலகையின் படத்தை இணையத்தில் போட்டிருந்தார்கள். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் ஒரே கதை. தமிழில் இப்படி இருந்தது: 'எஸ்டேட் ஆலையில் இயந்திரம் பழுதுபார்த்த பிட்டர் ஆறுமுகம், துரையின் ரிவால்வரில் இருந்த ஒரிஜினல் சிலிண்டரைத் திருடி விற்றுவிட்டு, வேறொன்றை மாட்டி அதில் போலி நம்பரை அடித்தார்.' பக்கத்தில் ஓர் ஓவியம். முண்டாசு கட்டிய ஒருவர் சாளரத்தில் எட்டிப் பார்க்கிறார். எங்கள் சான்றிதழ் ஒரிஜினல் என்கிறது, பலகை போலி என்கிறது, இரண்டும் ஒரே லாபியில் இருப்பது ஹோட்டலில் யாருக்கும் உறைக்கவில்லை.

"இது எங்க வீட்டுக் கத," என்றார். "எனக்கு ஏழு வயசு. புதுசா ஒரு தொர வந்தாரு. துப்பாக்கியப் பாத்தாரு. நம்பர் மாத்தியிருக்கு, அடிக்கிற அச்சு பிட்டர்கிட்டதான் இருக்கு, அப்ப பிட்டர்தான் திருடன்னாரு. மறுநாளே லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அப்பா சாகுற வரைக்கும் 'பழைய தொர சொன்னாருடா, அதான் அடிச்சேன்'னுதான் சொல்லுவாரு. யாரு கேட்டா? இப்ப அதையே லைட்டு போட்டு எழுதி வச்சிருக்கானுங்க."

"ஹோட்டல்ல கேட்டீங்களா?"

"கேட்டேன். 'அங்கிள், டூரிஸ்ட்டுக்கு இந்த மாதிரிக் கததான் புடிக்கும்'ங்குது அந்தப் புள்ள. வேணும்னா ஈப்போல எக்ஸ்பர்ட் இருக்காங்க, அங்க போயிக் கேளுங்கன்னுச்சு."

எக்ஸ்பர்ட் என்றதும் என் முதுகு நிமிர்ந்துவிட்டது. அவருக்கு நல்ல செய்தி என்னிடம் இருந்தது.

"அங்கிள், கவலப்படாதீங்க. உங்கப்பா ஒண்ணுமே செய்யல. சிலிண்டர மாத்துனது ஆர்மி. எங்க ரிப்போர்ட்லயே இருக்கு."

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கோடு, பழைய நம்பர், புது நம்பர் எல்லாவற்றையும் விளக்கினேன். கடைசியாக, என் கண்டுபிடிப்பின் உச்சமாக, பொடி எண்ணைச் சுட்டினேன்.

"இது பாருங்க, நாப்பத்தேழு. அந்த வருஷம்தான் டிப்போல ரிப்பேர் பண்ணியிருக்காங்க."

அவர் திரைக்கு அருகில் குனிந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வருஷமா? யாரும்மா சொன்னா?"

"புத்தகத்துல இருக்கு அங்கிள்."

"இது எங்கப்பாவோட பெரட்டு நம்பரும்மா."

நான் படத்தை இன்னும் பெரிதாக்கினேன்.

அவர் சொன்னது இதுதான். எஸ்டேட்டில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பெரட்டில் கூப்பிட ஒரு நம்பர். ரப்பர் பால் சுமக்கும் வாளியிலும் அந்த நம்பர் இருக்கும். வாளி கை மாறினால் ஆலைக்குப் போய் நம்பரை மாற்ற வேண்டும். பழைய நம்பரை ராவி அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரு கோடு, பக்கத்தில் புது நம்பர், கீழே மாற்றி அடித்தவரின் சொந்த நம்பர். கணக்கெழுதும் கிராணி, செக்ரோல் என்ற வருகைப் புத்தகத்தில் தப்பைத் திருத்துவதும் அப்படித்தான். அழித்தால் அபராதம்.

"எங்க வீட்ல ஒரு வாளி இருக்கு. அம்மாவோடது. மோட்டார் கழுவ வச்சிருக்கேன். அதுலயும் அப்பா மாத்தி அடிச்சிருக்காரு. கீழ நாப்பத்தேழு இருக்கும்."

சொல்லி முடித்தபின்தான் அவருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான். என் ரிப்போர்ட்டில் அவர் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது அந்த 1947தான். அதை இப்போது அவரே தள்ளிவிட்டார். நம்பரை அடித்தது டிப்போ இல்லை, ஆறுமுகம்தான். பலகையில் இருப்பதும் அதுதான்.

"நான் ஒண்ணும் சொல்லலன்னு வச்சுக்க," என்றார் மெதுவாக. ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். பிறகு கழற்றினார். "இல்ல. சொன்னது சொன்னதுதான். அவரு நம்பரு அது. பேர் போட்டுட்டுத் திருடுவானாம்மா எவனாச்சும்?"

அங்கிள் படி இறங்கிப் போனதும் ஸ்டீபன் சார் சொன்னார்: "ரிப்போர்ட் போயிருச்சு. டத்தோவுக்குச் சந்தோஷம். அந்தப் பெரியவருக்கும் ரிப்போர்ட் நல்லதுதான் செய்யுது. தப்பா இருந்தாலும் எல்லாருக்கும் நல்லதா இருக்குற ரிப்போர்ட்டு எத்தன தடவ கிடைக்கும்? விட்ரும்மா."

விட்டிருக்கலாம். ஆனால் பெரட்டு நம்பர் தெரிந்தவர்கள் சுங்கை சிப்புட்டில் இன்னும் எத்தனையோ பேர். என்றாவது ஒருவர் லாபிக்கு வந்து 47ஐப் படிப்பார். அன்று ராணுவம் காணாமல் போகும், திருடன் மட்டும் மிஞ்சுவான். நான் போலீசுக்குக் கடிதம் எழுதினேன். ஸ்டீபன் சாரின் கையெழுத்து தேவைப்பட்டது. "எதுக்கு லெட்டர்?" என்றார். "படம் தெளிவா இல்ல சார்," என்றேன். உண்மைதான். படத்தைப் பார்த்த கண்ணும் தெளிவாக இல்லை.

4. பெயின்ட் வழிசல்

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு ஹோட்டல் லாபியில் பெட்டியைத் திறந்தோம். போலீஸ் தரப்பில் வந்தவர் கோப்ரல் அஸ்மான். நாசி லெமாக் பொட்டலத்தோடு வந்து, சீலை வெட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். துப்பாக்கி அவர் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. சாப்பிடக் கூடாது என்று விதியில் இல்லை.

டத்தோவும் வந்திருந்தார். மின்னும் பாத்தேக் சட்டை. கோவிந்தன் அங்கிள் வாளியோடு வந்திருந்தார். அலுமினிய வாளி, அடியில் சோப்பு நுரை காய்ந்திருந்தது.

"இது எதுக்கு என் லாபில?" என்றார் டத்தோ.

"எவிடன்ஸ் டத்தோ," என்றேன்.

முதலில் வாளியையும் சிலிண்டரையும் ஒப்பிட்டேன். துப்பாக்கியின் உடம்பில் தொழிற்சாலை அடித்த 3க்கு மேல் பக்கம் வளைவு. சிலிண்டரில் புதிதாக அடித்த 6318இல் இருந்த 3க்குத் தலை தட்டை, வாலில் ஒரு சின்ன வெட்டு. வாளியில் இருந்த 3க்கும் தலை தட்டை, வாலில் அதே வெட்டு. ஒரே அச்சு. கீழே 47, அதுவும் அதே. 1947 செத்தது. கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்ப என் போர்டு சரிதானே," என்றார் டத்தோ உற்சாகமாக. "பிட்டர்தான் அடிச்சிருக்கான்."

"அடிச்சது பிட்டர் டத்தோ. சிலிண்டர மாத்துனது யாருன்னு இன்னும் பாக்கல."

படத்தில் தெரியாத ஒன்று லென்ஸில் தெரிந்தது. துப்பாக்கி முழுக்கக் கறுப்புப் பெயின்ட். டிப்போக்களில் பழுதுபார்த்த பிறகு பூசி, அடுப்பில் சுட்டுக் கெட்டியாக்குவது. எஸ்டேட்டில் அதற்கு வசதி கிடையாது. கோடு போட்டு நீக்கிய பழைய 2290இன் பள்ளங்களுக்குள் அந்தக் கறுப்பு நிறைந்திருந்தது. புது 6318இலும் 47இலும் கோட்டிலும் கறுப்பு இல்லை. பெயின்ட்டை வெட்டிக்கொண்டு இறங்கியிருந்தன. ஆக, டிப்போ பெயின்ட் அடித்தபோது சிலிண்டரில் இருந்தது 2290 மட்டும்தான்.

ஆனால் அதே பெயின்ட் அடித்த வேறொரு துப்பாக்கியிலிருந்து இந்தச் சிலிண்டர் வந்திருக்கலாமே? இந்தக் கேள்வியை இந்த முறை நானே கேட்டுக்கொண்டேன். பதிலுக்காகத் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். சிலிண்டருக்கு மேலே ஓடும் பட்டையின் ஓரத்தில் ஒரு சொட்டு. பெயின்ட் வழிந்து உறைந்த தடம். ஓரத்தோடு வெட்டுப்பட்ட மாதிரி நின்றுவிட்டது. மீதிச் சொட்டு எங்கே?

செத்த துப்பாக்கியானாலும் அதில் சிலிண்டர் மட்டும் இன்னும் சுற்றும். ஆறு குண்டு, ஆறு நிலை. சுற்றினேன். ஒன்று, இல்லை. இரண்டு, இல்லை. மூன்று, இல்லை. நான்காவதில் சிலிண்டரின் மேல் இருந்த ஒரு பாதிச் சொட்டு மேலே வந்து, பட்டையில் இருந்த பாதியோடு அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஒரே வழிசல், மேலே தொடங்கிக் கீழே முடிந்தது.

சிலிண்டரைக் கழற்றித் தனியாகப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது முறை. அந்த டிப்போவில் எந்தப் புண்ணியவானோ சோம்பல்பட்டு, மாட்டியபடியே அடித்திருக்கிறார். அந்தச் சோம்பலால் ஒரு விஷயம் உறுதியாயிற்று: எஸ்டேட்டுக்கு வருவதற்கு முன்பே இந்தச் சிலிண்டர் இந்தத் துப்பாக்கியில்தான் இருந்தது. ராணுவமே நம்பர் ஒத்துப்போகாத துப்பாக்கியைத்தான் அனுப்பியிருக்கிறது. ஆறுமுகம் எதையும் எடுக்கவில்லை, எதையும் மாட்டவில்லை. நம்பரை மட்டும் ஒத்துப்போக வைத்தார்.

கோவிந்தன் அங்கிளிடம் லென்ஸைக் கொடுத்தேன். அவர் என் தோளில் கையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

"சொட்டு ஒட்டிக்கிச்சு," என்றார். திரும்பிக்கொண்டு வாளியைத் துடைக்கத் தொடங்கினார். காய்ந்த சோப்பு நுரை முழுக்கப் போகும் வரைக்கும் துடைத்தார்.

கோப்ரல் அஸ்மான் எழுந்து வந்து, விரலை நக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். "அப்போ திருடன் இல்லயா?" என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். "பாகுஸ்," நல்லது என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் போய் உட்கார்ந்தார். அன்றைய விசாரணையில் அரசாங்கத் தரப்பு அதோடு முடிந்தது.

டத்தோவின் முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"அப்ப மேட்சிங்?"

"இல்ல டத்தோ. சிலிண்டர் நம்பர் எஸ்டேட்ல அடிச்சது."

"என் ஓரியச் சிப்லாக் ஆக்கிட்டியே லா! இன்விட்டேஷன்ல 'ஆல் மேட்சிங்'னு அடிச்சாச்சு. ஸ்டீபன் என்னா சொல்றாரு?"

ஸ்டீபன் சாரைப் போனில் பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டார். இந்த முறை யோசிக்கிற மாதிரி இல்லை, நிஜமாகவே யோசித்தார்.

"சொட்டு பொருந்துதா?"

"பொருந்துது சார்."

"நீ கண்ணால பாத்தியா, படத்துலயா?"

"கண்ணால சார்."

"அப்ப எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். டத்தோகிட்ட போனக் குடு, திட்டு வாங்குறது என் டிப்பார்ட்மெண்டு."

பத்து நிமிஷம் வாங்கினார். கடைசியில் டத்தோ இறங்கி வந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. பலகையை மாற்றலாம், ஆனால் விழாவுக்குப் பிறகு. பிரிண்டர்க்காரன் இரண்டு நாளில் செய்து தர மாட்டான். "ரெண்டு மாசம் பொறுங்க அங்கிள், மாத்திரலாம்."

"அறுபது வருஷம் பொறுத்தாச்சு டத்தோ," என்றார் கோவிந்தன் அங்கிள். "ரெண்டு மாசம் என்னா பெருசு." அவர் குரல் அவ்வளவு மரியாதையாக இருந்ததால் டத்தோ சந்தோஷமாக எழுந்து போனார். எனக்குத்தான் சந்தேகம் வந்தது.

5. திறப்பு விழா

விழா காலையில் கோவிந்தன் அங்கிள் எனக்கு முன்பே வந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் தடித்த மார்க்கர் பேனா. லாரிக் கதவில் எழுத வைத்திருந்ததாம். அழியாது.

பலகைக்கு முன்னால் நின்று ஒரு ரூலரை எடுத்தார். 'இருந்த ஒரிஜினல் சிலிண்டரைத் திருடி விற்றுவிட்டு, வேறொன்றை மாட்டி அதில் போலி' என்பது வரைக்கும், ஒரே நேர்கோடு. எழுத்துகள் கோட்டுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தன. அதற்கு மேலே, பொறுமையாக, இரண்டு வார்த்தை எழுதினார். இப்போது இப்படிப் படிக்கலாம்: 'பிட்டர் ஆறுமுகம், துரையின் ரிவால்வரில் துரை சொன்ன நம்பரை அடித்தார்.'

செக்யூரிட்டி ஓடி வந்து கோப்ரல் அஸ்மானைக் கூப்பிட்டான். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த கோப்ரல், பெட்டியைப் பார்த்தார், சீலைப் பார்த்தார்.

"எனக்குத் துப்பாக்கியக் காவல் காக்கத்தான் உத்தரவு. பலகைக்கு உத்தரவு இல்ல," என்றார்.

கோவிந்தன் அங்கிள் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

"கீழ அடிச்சவன் நம்பர் போடணும்மா. எனக்குத்தான் பெரட்டு நம்பரே கிடையாதே. நம்பர் குடுக்குற வயசுக்கு முன்னாடியே தொரத்திட்டானுங்க."

கொஞ்சம் யோசித்துவிட்டு, கோட்டின் ஓரத்தில் பொடியாக எழுதினார்: '47 மகன்.'

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "மலாயும் இங்கிலீஷும் நீ போடு. எனக்கு எழுத்துக்கூட்டு தப்பாயிரும்."

போட்டேன். இரண்டு கோடு. இரண்டின் ஓரத்திலும் என் பெயரை எழுதினேன். என் கோடு அவருடையது போல் நேராக வரவில்லை.

டத்தோ சிறப்பு விருந்தினரோடு உள்ளே நுழைந்தபோது மை இன்னும் காயவில்லை. பலகையைப் பார்த்ததும் அவர் நடை ஒரு விநாடி தடுமாறியது. சிறப்பு விருந்தினர் கோட்டைச் சுட்டி, இது என்ன என்று கேட்டார். டத்தோ எப்படி டத்தோ ஆனார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மூச்சு விடாமல் சொன்னார்:

"இது எங்க ஸ்பெஷல். அந்த பிட்டரோட சொந்த மகன், சொந்தக் கையால திருத்துனது. வேற எந்த ஹோட்டல்லயும் இல்ல. ஓரி!"

எல்லோரும் படம் எடுத்தார்கள். துப்பாக்கியை விடப் பலகையைத்தான் அதிகம் எடுத்தார்கள். டத்தோ கோவிந்தன் அங்கிளின் தோளில் கை போட்டு நின்ற படம் இன்றும் ஹோட்டலின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் மாற்றுவதாகச் சொன்ன பலகையை மாற்றவே இல்லை. அதன் மேல் கண்ணாடி போட்டு, லைட்டையும் கூட்டி, 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் எழுதி வைத்திருக்கிறார்கள். முண்டாசு ஓவியத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதை எடுக்கச் சொல்லிக் கேட்டதும் கோவிந்தன் அங்கிள்தான்.

6. அடுத்து இந்த மேசைக்கு வருபவருக்கு

ரிப்போர்ட்டைப் புதிதாக எழுதச் சொன்னார் ஸ்டீபன் சார். முதல் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுத்தமாக ஒரு பிரதி. "1947 கதையெல்லாம் ஃபைல்ல இருந்தா நமக்குத்தான் கேவலம்."

எனக்கும் அந்த ஆசை இருந்தது. அந்த அடிக்குறிப்பை நினைத்தாலே காது சூடாகும். ஆனால் வாளியில் ஒரு நம்பரை ராவினாலே அபராதம் போட்ட இடத்திலிருந்து வந்த பொருளைப் பற்றிய ரிப்போர்ட் அது. முதல் பிரதியை எடுத்து, '1947இல் ராணுவ டிப்போவில்' என்று தொடங்கி அடிக்குறிப்பு வரைக்கும் ரூலர் வைத்துக் கோடு போட்டேன். பக்கத்தில் சரியானதை எழுதினேன்: 'சிலிண்டர் டிப்போவிலிருந்தே இத்துப்பாக்கியோடு வந்தது. நம்பர் எஸ்டேட்டில் அடிக்கப்பட்டது. யார் அடிக்கச் சொன்னார் என்பது பொருளிலிருந்து தெரியவில்லை. துரை என்கிறார் அடித்தவரின் மகன். அடித்தவர் கையொப்பமிட்டிருக்கிறார்.'

தரம் என்ற இடத்தில் என்ன போடுவது என்று வெகு நேரம் தெரியவில்லை. நான்கு தரத்தில் எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் ஸ்டீபன் சாரே பேனாவை வாங்கி, 'ஒரிஜினல்' என்பதன் மேல் ஒரு கோடு போட்டு, 'திருத்தப்பட்டது' என்று எழுதி, ஓரத்தில் தன் பெயரைப் போட்டார். எங்களுக்கு இப்போது ஐந்து தரம்.

ஃபைல் இடது பக்க அலமாரியில், இரண்டாவது தட்டில் இருக்கிறது. நீங்கள் எழுதப் போகும் முதல் தப்பு ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடத் தோன்றும் அன்று எடுத்துப் பாருங்கள். ரூலர் மேல் இழுப்பறையில் இருக்கிறது. கோடு போட்ட பிறகு ஓரத்தில் உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள்.